யக்கா நட்ட கைகளுக்கு

அன்புடையீர்,

அரிசோனாவின் டூசான் நகரத் தோட்டத்தில் வைத்த ஐந்து சோப்புமர யக்காக்களும் (கூரிய இலைகள் கொண்ட பாலைவனச் செடிகள்) வேர் பிடித்துவிட்டன. முதல் நன்றி கடப்பாரை பிடித்தவர்களுக்கு. ஒரு அடி ஆழத்திலேயே சுக்கான் பாறை, அதாவது இறுகிய சுண்ணாம்பு அடுக்கு, தட்டியது. மேலோடு மண்ணைப் போட்டு மூடிவிடலாம் என்று எவரும் சொல்லவில்லை. அடியில் துளை விழும்வரை குத்தினீர்கள். குழி நிறைய ஊற்றிய தண்ணீர் ஒரு நாளில் வடியாத இடம் யக்காவுக்கு ஆகாது. வறட்சியைத் தாங்குகிற வேர், தேங்கிய நீரில் அழுகிப்போகும்.

தொழுஉரத்தோடு வந்த அண்ணன், வேண்டாம் என்றதும் முகம் சுளிக்காமல் மூட்டையைத் தக்காளிப் பாத்திக்குக் கொண்டுபோனார். உரம் குழியில் ஈரத்தைக் கட்டிவைக்கும். மட்க மட்க மண் இறங்கி, செடியின் கழுத்தும் (தண்டும் வேரும் சேருமிடம்) புதைந்துவிடும். தோண்டிய மண்ணே போதும். குழியின் அகலம் வேர்க்கட்டியைப் (வேரும் அதோடு ஒட்டிய மண்ணும்) போல் இரண்டு மடங்கு, ஆழம் வேர்க்கட்டி அளவு, கழுத்து தரைக்கு ஒரு விரல் மேலே.

காட்டில் தோண்டிய பெரிய மரத்தை வாங்கவிடாமல் தடுத்த நாற்றங்கால் அம்மாவுக்கும் நன்றி. ஆழத்து வேர் அறுந்த மரம் பச்சையாகவே நின்று, பல மாதம் கழித்துச் சாயும். அரிசோனாவில் அப்படித் தோண்ட அரசு அனுமதியும் அடையாளச் சீட்டும் வேறு வேண்டும். தொட்டியில் வளர்ந்த கன்றே நல்லது. இலை நுனி கண்ணைக் குத்திவிடாமல் கோணி சுற்றித் தூக்கிய இருவரை மறக்கவில்லை.

சொட்டுநீர் டைமரை நிறுத்திய பக்கத்து வீட்டாருக்குத்தான் பெரிய கும்பிடு. தினம் கொஞ்சம் விடுவது கொல்லும். முதல் கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 60 செ.மீ. ஆழம் நனையும்படி விட்டால் போதும். இரும்புக் கம்பியைச் செருகினால் ஈரம் உள்ளவரை இறங்கும், காய்ந்த மண்ணில் நின்றுவிடும். குளிர்காலத்தில் தண்ணீரே வேண்டாம்.

தண்டைச் சுற்றித் தொங்கும் காய்ந்த இலைப்பாவாடையை வெட்டாதீர்கள். தண்டுக்கு அதுதான் நிழல். (பூந்திக்கொட்டை போல நுரைக்குமாமே என்று கேட்டவர்களுக்கு: நுரைக்கும், ஆனால் வேரைத் தோண்ட வேண்டும். கைவைக்காதீர்கள்.) பூக்கச் சில ஆண்டுகளாகும். பூத்தால் மருந்து அடிக்கக் கூடாது. யக்கா அந்துப்பூச்சிதான் மகரந்தத்தை உருட்டி எடுத்துவந்து பூவின் சூல்முடியில் திணிக்கிறது; அது இல்லாவிட்டால் காய் இல்லை.

இலையில் மஞ்சள் புள்ளி கண்டால் சோப்புநீர் போதும். கூன்வண்டுதான் பொல்லாதது. அந்தப் பக்கம் போகிறவர்கள் நடுக்குருத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் உள்ளே வண்டின் புழுக்கள் தின்றிருக்கும்; அன்றே சொல்லியனுப்புங்கள். புழுக்களோடு செடியைத் தோண்டி எடுத்துவிடுகிறோம்.

நன்றியுடன்,
தோட்டக் குழுவினர்