கப்பலுக்காகப் பிறந்த ஊர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியாச்சு என்று படித்ததில் சந்தோஷம். இங்கே முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை.

லீவுக்குக் குடும்பத்தோடு ராமேஸ்வரம் வருகிறாய், சரி. "தனுஷ்கோடியில் வெறும் மணல்தானே, என்ன இருக்கிறது பார்க்க?" என்றும் கேட்டிருந்தாய். கேட்டுவிட்டாய், கொஞ்சம் நீளமாகவே படித்துத்தான் ஆக வேண்டும்.

தீர்த்தமும் புராணமும் பழசுதான். ஆனால் புயலில் போன அந்த டவுன், ரயில் உண்டாக்கிய ஊர். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னையிலிருந்து கிளம்பும் போட் மெயில் ரயில் தனுஷ்கோடித் துறை வரைக்கும் வந்தது. அங்கே இறங்கி ஸ்டீமர் ஏறினால் இலங்கைக் கரையில் தலைமன்னார், அங்கிருந்து இன்னொரு ரயிலில் கொழும்பு. எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட் கொழும்பு வரை செல்லும். இன்னொரு வேடிக்கை, அப்போது பாம்பனிலிருந்து பிரதான ரயில்பாதை தனுஷ்கோடிக்குத்தான். ராமேஸ்வரம் வெறும் கிளை. ராமநாதசுவாமியையே கிளைப்பாதைக்குத் தள்ளிய ஊர்!

கப்பல் வந்துபோகும் இடம் என்றால் சும்மாவா? சுங்க அலுவலகம், தபால் ஆபீஸ், ரயில்வே குடியிருப்பு, பள்ளிக்கூடம், சர்ச், சத்திரம் என்று எல்லாம் இருந்தன. வந்தவர்கள் பெரும்பாலும் அடுத்த வண்டிக்கோ கப்பலுக்கோ காத்திருந்தவர்கள்தான். அந்தக் காத்திருப்பில்தான் ஊருக்குச் சோறு.

1964 டிசம்பர் 22 இரவு நடந்ததை நீயும் நிறையக் கேட்டிருப்பாய். பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் வண்டியை, ஸ்டேஷனை நெருங்கும் நேரத்தில் கடல் கொண்டுபோனது. உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. அதை விரித்து எழுத மனம் வரவில்லை.

எனக்கு உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. அதே புயலில் பாம்பன் பாலமும் சிதைந்தது. பாலத்தின் கர்டர்களில், அதாவது இரும்பு உத்தரங்களில், பெரும்பாலானவை கடலுக்குள். அப்போது இளம் இன்ஜினியராக இருந்த ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் அதைச் சரிசெய்துவிட்டார்கள். ராமேஸ்வரத்துக்கு மறுபடி ரயில் வந்தது. தனுஷ்கோடிப் பாதையை மட்டும் திரும்பப் போடவில்லை. குடியிருக்கத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்தது, கப்பலும் ராமேஸ்வரத்துக்கு மாறியது. 1980-களில் இலங்கைச் சண்டையோடு அந்தக் கப்பலும் நின்றது. அரசைக் குறை சொல்லவும் முடியாது. இரண்டு பக்கமும் கடல், நடுவே ஒல்லியாக மணல், அங்கே யார் தைரியமாக வீடு கட்டுவார்கள்? ஆனாலும் என் கணக்கில், ஊரை அடித்துப்போட்டது புயல், எழவிடாமல் செய்தது கப்பல் இடம் மாறியதுதான்.

இன்னொன்று, அது ஆளில்லாத ஊர் என்று யாராவது சொன்னால் நம்பாதே. மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு அங்கேயே இருக்கிறார்கள், கரைவலை இழுக்கிறார்கள். மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிதண்ணீர் எடுக்கிறார்கள், சுற்றிலும் உப்புக் கடல் இருக்க! ஊரைக் காலி செய்த அறிவிப்பு அவர்களை ஒன்றும் செய்யவில்லை.

முன்பு முகுந்தராயர் சத்திரத்தில் வேன் பிடித்து மணலில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். 2017 முதல் நிலம் முடியும் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை, உன் காரிலேயே போகலாம். வெயில் ஏறுவதற்குள் போய்விடு, நிழலே கிடையாது. சர்ச் சுவரைக் கிட்டப்போய்ப் பார், பவளப் பாறைக் கல். பேத்தி சங்கு, சோழி கேட்பாள், சில்லறை வைத்துக்கொள்.

அப்புறம், உன் அப்பா சின்ன வயதில் போட் மெயிலில் கொழும்பு போனவராயிற்றே. துறையில் எவ்வளவு நேரம் காத்திருந்தார், அங்கே என்ன சாப்பிட்டார் என்று கேட்டு எழுது. முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வா, மாடி ஏறாமல் கீழ் அறையிலேயே தங்கலாம்.

அன்புடன்,
ராசு