ஸ்விட்ச் வாங்கினால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஈரோட்டுப் பக்கம் 14 வருடமாக நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். ஓ.டி.பி.யைச் சொல்லாதீர்கள், தெரியாத லிங்கைத் தொடாதீர்கள் என்று பத்திரிகைகளில் தினமும் எச்சரிக்கை வருகிறது. ஆனால் ஆயிரக்கணக்கான பேருடைய விவரத்தைக் கையில் வைத்திருக்கும் ஆஸ்பத்திரியும் காலேஜும் தங்கள் ரேக்குக்குள் (நெட்வொர்க் கருவிகள் இருக்கும் அலமாரிக்குள்) என்ன செய்து வைத்திருக்கின்றன என்று யாரும் கேட்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நெட் ஸ்லோ என்று கூப்பிட்டார்கள். நோயாளியுடன் வருகிறவர்களுக்கு ஹாலில் கொடுக்கும் வைஃபையில், நிர்வாகியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, என் போனைச் சேர்த்து லேப் சர்வரின் ஐ.பி.யை (நெட்வொர்க்கில் அதன் முகவரி எண்) பிரவுசரில் அடித்தேன். லாகின் பக்கம் அப்படியே திறந்தது. கேமரா ரெக்கார்டரும் திறந்தது. அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

ரேக்கில் இருந்தது நல்ல லேயர் 3 ஸ்விட்ச்தான், அதாவது கம்ப்யூட்டர்களை இணைப்பதோடு, பிரித்த நெட்வொர்க்குகளுக்கு நடுவில் தகவலைக் கடத்தவும் தெரிந்த கருவி. பில்லிங், லேப், கேமரா, விருந்தினர் என்று நாலு விலேனாக, அதாவது ஒரே நெட்வொர்க்குக்குள் தனித்தனி அறைகள் மாதிரி, பிரித்தும் இருந்தார்கள். இதோடு வேலை முடிந்தது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், முடியவில்லை. விலேன்களுக்கு நடுவில் ரூட்டிங்கை (ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் போகும் வசதியை) ஆன் செய்த நிமிடமே நாலு அறைக்கும் இடையில் கதவு திறந்துவிடும், எந்தக் கதவில் யார் போகலாம் என்று சொல்வது அக்சஸ் லிஸ்ட். அதுவும் அங்கே இருந்தது, 11 வரி, யாரோ அக்கறையாக உட்கார்ந்து எழுதியது. ஆனால் அந்த 11 வரிக்கும் மேலே, 5 என்ற வரிசை எண்ணில், அப்புறமாகச் செருகிய ஒரு வரி: பெர்மிட் ஐ.பி. எனி எனி. அதாவது யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஸ்விட்ச் மேலிருந்து கீழே படிக்கும், முதலில் பொருந்துகிற வரியோடு நின்றுவிடும். கீழே இருந்த 11 வரியை அது எட்டிப் பார்த்ததே இல்லை.

விசாரித்தால், இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் பில்லிங்கில் பிரிண்டர் வரவில்லை, கவுண்டரில் கூட்டம், பராமரிப்பு ஆள் அவசரத்துக்கு இந்த வரியைப் போட்டுவிட்டு சாயங்காலம் எடுத்துவிடுகிறேன் என்று போயிருக்கிறார். எடுக்கவே இல்லை. பில்லிங்கிலிருந்து அந்தப் பிரிண்டரின் 9100-ம் போர்ட்டுக்கு (பிரிண்ட் வேலையை அது வாங்கும் வாசல் எண்) மட்டும் ஒரு வரி போட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும்.

இது சின்ன விஷயம் இல்லை. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸில் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) புகுந்து 5 சர்வர்கள் முடங்கி, ஆஸ்பத்திரியே நாள்கணக்கில் பேனா பேப்பரோடு நடந்தது. நெட்வொர்க்கைச் சரியாகப் பிரிக்காததுதான் காரணம் என்று நாடாளுமன்றத்திலேயே அரசு பதில் சொன்னது. எய்ம்ஸுக்கே அந்த நிலைமை என்றால் நம்மூர் நர்சிங் ஹோம்களை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

சரி, அந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். ஞாயிறு ராத்திரி உட்கார்ந்து மாற்றினோம். முதல் வேலையாக, 10 நிமிடத்தில் தானாக ரீபூட் ஆகும்படி ஸ்விட்சுக்குக் கட்டளை கொடுத்தேன். ரூலில் தப்பு செய்து நானே வெளியே மாட்டிக்கொண்டாலும், இன்னும் சேவ் செய்யாததால் பழைய நிலைமைக்குத் திரும்பிவிடும், எல்லாம் சரியாக இருந்தால் ரீபூட்டை ரத்து செய்துவிடலாம். விருந்தினர் விலேனுக்கு ஐ.பி. வாங்கவும் டி.என்.எஸ். (வெப்சைட் பெயருக்கு ஐ.பி.யைச் சொல்லும் சேவை) கேட்கவும் அனுமதி, அதற்குக் கீழே உள் நெட்வொர்க் முழுவதற்கும் தடை, கடைசியில் இன்டர்நெட்டுக்கு அனுமதி. இந்த வரிசை மாறினால் எல்லாம் போச்சு. கடைசி வரியையும் மறக்கக் கூடாது, ஏனென்றால் நாம் எழுதாவிட்டாலும் லிஸ்டின் அடியில் எல்லாவற்றுக்கும் ஒரு தடை கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. கேமரா விலேனிலிருந்து வெளியே எதுவும் போகக் கூடாது என்று எழுதியதும் வாட்ச்மேன் அறையில் படம் நின்றது. அந்த அறை சிஸ்டம் வேறு விலேனில் இருப்பதால் ரெக்கார்டர் அனுப்பும் பதிலும் அதே லிஸ்டைத் தாண்டித்தான் வர வேண்டும். ஏற்கெனவே தொடங்கிய இணைப்பின் பதிலை மட்டும் விடு என்று ஒரு வரி சேர்த்ததும் படம் வந்துவிட்டது. ஸ்விட்சுக்குள் லாகின் செய்வதையும் ஒரே ஒரு சிஸ்டத்துக்கு மட்டும் என்று சுருக்கினோம். மொத்தம் மூன்று மணி நேரம், புதிதாக ஒரு ரூபாய்க்குப் பொருள் வாங்கவில்லை.

நிறுவனம் நடத்துகிறவர்களிடமும் டெண்டர் எழுதும் அதிகாரிகளிடமும் நான் கேட்பது இதுதான். ஸ்விட்சில் கேபிள் செருக எத்தனை போர்ட், எத்தனை வருட வாரன்டி என்று எழுதுகிற இடத்தில், அக்சஸ் லிஸ்ட் எழுதி, ஒவ்வொரு வரியும் எதற்கு என்ற குறிப்போடு அச்சடித்துக் கொடுத்து, விருந்தினர் வைஃபையிலிருந்து சோதித்துக் காட்டினால்தான் பில் பாஸ் ஆகும் என்று ஒரு வரி சேருங்கள். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், பாதுகாப்பு ஏற்பாட்டில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு இடம் இருக்கிறது. அவசரத்துக்கு ஒரு ரூல் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் யார் போட்டார், எந்தத் தேதியில் எடுக்க வேண்டும் என்பதை அந்த ரூலுக்கு மேலேயே குறிப்பாக எழுதச் சொல்லுங்கள். அந்த ஆஸ்பத்திரி நிர்வாகி இப்போது மாதம் ஒருமுறை அந்தத் தாளைத் தானே வாங்கிப் பார்க்கிறார்.

இப்படிக்கு,
ஒரு நெட்வொர்க் பராமரிப்பாளர்,
ஈரோடு