ஞாயிறு சந்திப்பு: இந்த முறை மறுபார்வை மட்டும்

எல்லோருக்கும் வணக்கமுங்க. வரும் ஞாயிறு காலை 10 மணிக்குப் பீளமேட்டில் வழக்கமான இடத்தில் கூடுகிறோம். நம் மென்பொருளுக்குப் புது வசதி எதுவும் எழுத வேண்டாம். மற்றவர்கள் அனுப்பித் தேங்கிக் கிடக்கும் நிரல் திருத்தங்களைப் படித்துப் பதில் போடுவதுதான் வேலை.

ஈரோட்டிலிருந்து ஒரு கல்லூரித் தங்கை மூன்று வரித் திருத்தம் அனுப்பியிருந்தார். ‘கொ’ எழுதி ஒருமுறை அழித்தால் கால் மட்டும் போய் ‘கெ’ என்று நிற்குமே, அந்தப் பிழைக்கு. நாற்பது நாளாக நம்மில் ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு ரொம்ப வருத்தமாகிவிட்டது. இப்படி விட்டால் அடுத்த முறை யார் அனுப்புவார்கள்?

2024 மார்ச்சில் வெளிவந்த எக்ஸ்இசட் (கோப்புகளைச் சுருக்கும் கட்டற்ற மென்பொருள்) விவகாரம் நினைவிருக்கும். தனி ஆளாகச் சுமந்து களைத்திருந்த பராமரிப்பாளருக்கு உதவுவதுபோல் வந்த ஒருவர், நம்பிக்கை சம்பாதித்து, ரகசியமாக உள்ளே நுழைய அதில் ஒரு பின்கதவு வைத்துவிட்டார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாவதை ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் கவனித்ததால் தப்பித்தோம். அந்தப் பராமரிப்பாளரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. கூட நாலு பேர் நின்றிருக்க வேண்டும்.

புது வசதியை நிறுத்திவைப்பது ஒன்றும் புதிதில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலிலேயே ஒவ்வொரு பதிப்புக்கும் புது நிரல் சேர்க்க இரண்டு வாரம்தான், அப்புறம் ஏழெட்டு வாரம் சோதனையும் பிழை திருத்தமும்தான்.

நிரல் எழுதத் தெரியாதவர்களும் வாங்க, பிழையைச் செய்து பார்த்து உறுதிப்படுத்த ஆள் வேண்டும். லேப்டாப், சார்ஜர் மறக்க வேண்டாம். வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் இங்கே பெயர் போட்டுவிடுங்கள், மதியச் சாப்பாட்டுக்குச் சொல்ல வேண்டும்.