உன் ஆற்றில் குளித்துவிட்டு வந்தேன்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுதாததற்குப் பாதிக் காரணம் சோம்பேறித்தனம். மீதி, போய்ப் பார்த்துவிட்டே எழுதுவோம் என்று இருந்துவிட்டேன். ஆமாம், கல்லிடைக்குறிச்சிக்குத்தான் போய்விட்டு வந்தேன். நாற்பது வருஷமாக நீ கதை அளந்துகொண்டிருந்த உன் ஊருக்கு. ஹாஸ்டல் சாம்பாரில் கையை வைத்ததுமே "எங்க ஊர் ஆத்துத் தண்ணியில பருப்பு வெந்தா..." என்று ஆரம்பிப்பாயே, அந்தத் தாமிரபரணித் தண்ணீரில் இறங்கி இரண்டு முங்கு போட்டாயிற்று. எல்லாவற்றையும் சொல்கிறேன். அந்த ரயில் பாலத்து விவகாரத்தையும் சொல்கிறேன், அதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். படி ஏறினால் வலிக்கிறது, இறங்கினால் அதைவிட வலிக்கிறது. டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்கிறார். வீட்டுக்காரி அல்வாவைக் குறைக்கச் சொல்கிறாள். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு எனக்குக் கிடைத்திருப்பது அறிவுரைகள் மட்டும்தான். பொங்கல் முடிந்து நாலு நாள் கழித்து, சரி, எங்கேயாவது போய்விட்டு வருவோம் என்று கிளம்பினோம். பெரியவளுக்கு ஆவணியில் கல்யாணம் முடிவாகியிருக்கிறது, அதற்குப் பத்தமடையில் பாய் சொல்ல வேண்டும் என்பது வீட்டுக்காரியின் திட்டம். உன் ஊரைப் பார்ப்பது என்னுடையது.

திருநெல்வேலியில் இறங்கி செங்கோட்டை போகும் பாசஞ்சரைப் பிடித்தோம். பேட்டை தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல். பிசான நெற்பயிர் பால் பிடிக்கிற பருவம், அந்தப் பச்சையை எழுதிக் காட்ட எனக்கு வராது. சேரன்மகாதேவி ஸ்டேஷன் வந்ததும் இங்கேதானே வ.வே.சு. ஐயர் குருகுலம் நடத்தினார், சாப்பாட்டுப் பந்தியில் சாதி பார்த்த விவகாரம் வெடித்ததும் இங்கேதானே என்று நான் ஆரம்பிக்க, அடுத்த ஸ்டேஷன் காருகுறிச்சி என்ற பலகையைப் பார்த்து அவள் "நாதஸ்வரம் அருணாசலம் ஊரா?" என்று கேட்டு என்னை அடக்கிவிட்டாள். ரயிலில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். எதிரே இருந்த ஆச்சி ஐந்தே நிமிஷத்தில் எங்கள் சம்பந்தி வீடு எந்த ஊர், மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்பது வரை கறந்துவிட்டார்.

உன் ஊரில் இறங்கினால் எனக்கு முதலில் கண்ணில் பட்டது ஆறு இல்லை, வாய்க்கால். இதைத்தான் உன்னிடம் கேட்க வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். ஆறு ஆறு என்று நாற்பது வருஷம் பேசினாயே, கன்னடியன் கால்வாயைப் பற்றி ஒரு தடவையாவது வாயைத் திறந்திருக்கிறாயா? வீடுகளுக்குப் பின்னால், தென்னைக்குக் கீழே, சத்தமே போடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு பெண் பின்கதவைத் திறந்து, நாலு படி இறங்கி, பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்கு அது கொல்லைப்புறம், அவ்வளவுதான். அதே தண்ணீர் வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று போய்ப் பன்னிரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. நான் ரயிலில் இருந்து வாயைப் பிளந்து பார்த்த பச்சை எல்லாம் அதனுடையதுதான்.

டீக்கடையில் ஒரு பெரியவர் அதன் கதையைச் சொன்னார். கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவர் தன்னிடம் இருந்த செல்வத்தை என்ன செய்வது என்று அகத்தியரைக் கேட்டாராம். ஒரு பசுவின் பின்னாலேயே போ, அது போகிற வழியில் கால்வாய் வெட்டு, அது கோமியம் விடுகிற இடத்தில் மடை வை, படுக்கிற இடத்தில் குளம் தோண்டு என்றாராம் அவர். கதையோ நிஜமோ, தண்ணீர் வாட்டம் பார்த்து வெட்டியவன் ஒருவன் இருந்திருக்கிறான், அவன் பெயர் தெரியாததால் பசுவுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் வரை உன் தாமிரபரணியின் மொத்த நீளமே 128 கிலோமீட்டர். அதற்குள் எட்டு இடத்தில் அணைக்கட்டு போட்டிருக்கிறார்கள். கடைசியில் இருக்கிற ஸ்ரீவைகுண்டம் மட்டும்தான் வெள்ளைக்காரன் காலத்தது, மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. ஆறு சும்மா ஓடி வந்து ஊரை வாழவைக்கவில்லை மாப்ளே, அதை மறித்துத் திருப்பி வீட்டுக் கொல்லை வரை கொண்டுவந்திருக்கிறார்கள். நீ பெருமையடித்த பருப்பு வெந்ததும் அநேகமாக வாய்க்கால் தண்ணீரில்தான்.

உங்கள் வீட்டுக்குப் போனேன். வேண்டாம் என்றுதான் எழுதியிருந்தாய், ஆனால் தெருவைத் தாண்டித்தான் கோயிலுக்குப் போக வேண்டியிருந்தது, கால் நின்றுவிட்டது. வாசல் தூண் இரண்டும் அப்படியே இருக்கிறது, திண்ணையை எடுத்துவிட்டு டைல்ஸ் போட்டிருக்கிறார்கள். உள்ளே அப்பளம் இடுகிறார்கள். நிஜமாகத்தான். உன் அப்பா ஈஸிசேரில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் கூடம் என்று நீ சொல்வாயே, அங்கே ஆறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பலகையில் இட்டுக்கொண்டிருந்தார்கள். யாருடைய சிநேகிதன் என்று சொன்னதும் "வாங்க அண்ணாச்சி" என்று ஸ்டூல் போட்டுவிட்டார்கள்.

அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். உளுந்து மாவை உப்பும் அப்பளக்காரமும் சேர்த்துப் பிசைந்து, எண்ணெய் தொட்டுத் தொட்டு இடித்து, கயிறு மாதிரி உருட்டி வைக்கிறார்கள். ஒரு பெண் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையைக் கையில் பிடித்து, அந்தக் கயிற்றை டக் டக்கென்று அறுக்கிறாள். ஒவ்வொரு துண்டும் ஒரே அளவு. தராசு கிடையாது, அவள் பார்க்கக்கூட இல்லை, பக்கத்தில் இருப்பவளிடம் பேச்சு வேறு, நூல் பல்லில் இருக்கும்போதே! அப்புறம் அரிசி மாவில் ஒரு புரட்டு, குழவியில் நாலு உருட்டு, வட்டம் தயார். முன்னெல்லாம் பிரண்டைச் சாறு சேர்ப்போம், இப்போது கேட்டால்தான் என்றார் மூத்தவர். மெஷின் அப்பளம் வந்த பிறகு என்ன வித்தியாசம் என்று நான் கேட்டது தப்பாகப் போய்விட்டது, ஆறு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். உங்கள் மாடியில் துணி உலர்த்துகிற இடமெல்லாம் இப்போது அப்பளம். எனக்கென்னவோ வீடு பூட்டிக் கிடப்பதற்கு இது ஆயிரம் மடங்கு தேவலை என்று தோன்றியது. நீ வருத்தப்பட்டால் அது உன் பாடு.

குலசேகரமுடையார் கோயிலுக்கும் போனோம். நடராஜர் காணாமல் போனது 1982-ல், அப்போது நாம் பத்தாவது. உன் ஊருக்குப் போலீஸ் ஜீப் வந்தது, தெருப் பையன்களை எல்லாம் கூப்பிட்டு விசாரித்தார்கள் என்று நீ சொன்ன ஞாபகம். அவர் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு கலைக்கூடத்தில் போய் நின்றிருந்ததும், 2019 செப்டம்பரில் திரும்பி வந்ததும் உனக்குத் தெரியும், அந்தப் படத்தை நீதான் எனக்கு அனுப்பினாய். முப்பத்தேழு வருஷம். திருடுபோனபோது இடுப்பில் இருந்த பிள்ளைகள் வரவேற்க வந்தபோது தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்களாம். பூக்காரம்மா ஒருத்தி சொன்னார், "அவருக்கே திரும்பி வர வழி கெடச்சுட்டு, வெளியூரு போன எங்க பயலுவதான் வரமாட்டேங்கானுவ." உன்னைப் பற்றிச் சொல்லவில்லை, ஆனாலும் எழுதி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் வீரவநல்லூர் வழியாகத் திருப்புடைமருதூர் போனோம். போகிற வழியில் செடிபுட்டா சேலை ஒன்று வாங்கியதில் என் பர்ஸ் இளைத்ததைத் தனிக் கடிதத்தில் எழுதுகிறேன். கடனா நதி தாமிரபரணியில் வந்து சேரும் இடம் அது. அங்கே லிங்கம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. கருவூர்ச் சித்தர் அக்கரையில் வெள்ளத்தைத் தாண்ட முடியாமல் நின்று கூப்பிட்டபோது காதைச் சாய்த்துக் கேட்டாராம் சிவன், அப்படியே இருந்துவிட்டார். கோபுரத்துக்குள்ளே அடுக்கடுக்காக ஓவியங்கள், நாயக்கர் காலத்தவை என்கிறார்கள். ஒரு சுவரில் கப்பல், அதில் குதிரைகள். கடலையே பார்க்காத ஊரில் கப்பலை வரைந்து வைத்திருக்கிறான் பாவி. நான் இரண்டு அடுக்குக்கு மேல் ஏறவில்லை, முட்டி விடவில்லை. வெளியே மருத மரத்தில் வர்ண நாரைகள் கூடு கட்டிக்கொண்டு ஒரே இரைச்சல். ஊர்க்காரர்கள் அவற்றைத் தொந்தரவு செய்வதில்லை. 2005-ல் அரசு அந்த இடத்தைப் பறவைகளுக்கான காப்பிடமாக அறிவித்தது, ஆனால் இவர்கள் பாதுகாப்பது அதற்கு முன்பிருந்தே.

பாபநாசம் மட்டும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. பரிகாரம் என்று வந்து குளித்துவிட்டு, கட்டியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். காலில் சேலை சுற்றுகிறது. பாவத்தைத் தொலைக்க வந்தவர்கள் பழைய வேட்டியையும் சேர்த்துத் தொலைத்தால் கீழே இருக்கிறவன் என்ன செய்வான்? மூங்கில் கம்பால் துணியை இழுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டேன், தினமும் இதே வேலைதான் என்றார், என் முகத்தைப் பார்க்காமலே.

மேலே கல்யாண தீர்த்தம் வரை ஜீப்பில் போய் நின்றோம். 1925 ஜூனில் வ.வே.சு. ஐயர் தன் மகள் தண்ணீரில் விழுந்ததைப் பார்த்துக் காப்பாற்றப் பாய்ந்து இறந்துபோனது அங்கேதான். ரயிலில் அவரைப் பற்றி வாய் கிழியப் பேசியவன் அங்கே ஒன்றும் பேசவில்லை. தண்ணீர் விழுகிற சத்தத்தில் பேசினாலும் கேட்காது.

சரி, பாலம்.

கடைசி நாள் விடியற்காலையில் நீ சொன்ன படித்துறைக்குப் போனேன். பொதிகை மேல் மேகம் உட்கார்ந்திருந்தது. தண்ணீர் முதலில் காலைக் கடித்தது, இடுப்பு வரை போனதும் பழகிவிட்டது, மீன்கள் வந்து காலைக் கொத்தின. அடியில் கிடக்கிற கூழாங்கல் தெரிந்தது. ஆனால் படியில் ஷாம்பு பாக்கெட்டும் கிடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், 2023 டிசம்பர் மழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கையை நீட்டிக் காட்டினார். அண்ணாந்து பார்த்தேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது, இங்கேயும் மலையில் விடாமல் பெய்திருக்கிறது. "தொண்ணூத்திரெண்டுலயும் இப்படித்தான், ஆனா அப்ப நமக்கு வயசு இருந்துச்சு, ஓடுனோம்" என்றார்.

அவரிடம்தான் கேட்டேன். இங்கே பையன்கள் வெள்ளக் காலத்தில் ரயில் பாலத்திலிருந்து ஆற்றில் குதிப்பார்களாமே, என் சிநேகிதன் ஒருவன் பதினாறு வயதில் குதித்திருக்கிறான், அம்பாசமுத்திரம் கரையில்தான் போய் ஏறினானாம் என்று. அவர் பாலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"குதிச்சானுவ, இல்லங்கல. ஆனா குதிச்சவன் பூரா அம்பாசமுத்திரத்துப் பயலுவ. நம்ம ஊர்ப் பயலுவ கரையில நின்னு சட்டையைப் பிடிச்சுக்கிட்டு இருப்பானுவ."

யாருடைய சட்டையை மாப்ளே பிடித்துக்கொண்டு நின்றாய்? நாற்பது வருஷம். ஹாஸ்டல் முழுக்க உன்னைப் பார்த்து வாயைப் பிளந்தது. என் பிள்ளைகளுக்குக்கூட அந்தக் கதையை நான் சொல்லியிருக்கிறேன்.

பாய் சொல்லியாகிவிட்டது. கோரையை நார் நாராகக் கிழித்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, அப்புறம்தான் நெய்கிறார்கள். மாப்பிள்ளை, பெண் பெயரை ஓரத்தில் நெய்து தர ஆடி வரை ஆகுமாம். கல்யாணம் திருநெல்வேலியில், ஆவணி கடைசி முகூர்த்தம், பத்திரிகை பின்னால் வரும். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு நாலு நாள் முன்னதாகவே வந்துவிடு. கார் நெல் அறுப்பு நேரம், வெயிலும் கொஞ்சம் தணிந்திருக்கும். அப்பளம் இரண்டு கட்டு பார்சலில் அனுப்பியிருக்கிறேன், உன் வீட்டுக் கூடத்தில் இட்டது, காசு வாங்க மாட்டோம் என்று சொன்னவர்களிடம் சண்டை போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு போடு.

பெரியவர் தினமும் காலை ஆறு மணிக்குப் படித்துறையில் இருப்பாராம். உன்னைக் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறேன். மாற்று வேட்டி ஒன்று எடுத்து வா.

உன்,
பழைய ரூம்மேட்