ஒளி குறைந்தால் மண் சுத்தமா? சென்னையின் மண் ஆய்வகங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உலோக மாசு பட்டால் ஒளிரும்படி மரபணு மாற்றிய பாக்டீரியாவை மண் சோதனைக்கு எடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். மண்ணின் பி.எச். (அமில-கார அளவு), உப்பு, ஈரம் மூன்றையும் குறிக்காமல் ஒளி அளவை மட்டும் அறிக்கையில் எழுதாதீர்கள்.

பள்ளிக்கரணை போன்ற சதுப்பின் கறுப்புச் சேற்றை எடுத்துக்கொள்வோம். அழுகிய முட்டை வாடை வந்தால் அதில் சல்பைடு என்ற கந்தகச் சேர்மம் இருக்கிறது. அது பாதரசம், காரீயம், காட்மியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். பாக்டீரியாவுக்குள் போக உலோகம் மிஞ்சாது, ஒளியும் வராது. அதையே வெயிலில் காயவைத்தால் சல்பைடு ஆக்சிஜனேற்றமாகி அமிலம் உண்டாகும், உலோகம் கரையும், ஒளி ஏறும். ஒரே சேறு, இரண்டு விடை! ஆகவே காற்றுக்கு இடமில்லாமல் குப்பியை விளிம்பு வரை நிரப்பி, பனிக்கட்டியில் வைத்து, அன்றே சோதியுங்கள்.

எண்ணூர்ப் பக்கத்து உவர் மண்ணில் வேறு சிக்கல். குளோரைடு, காட்மியத்தோடும் பாதரசத்தோடும் சேர்ந்து அவை செல்லுக்குள் நுழையும் விதத்தையே மாற்றும். உப்பு செல்லையும் வாட்டும்.

அமில மண்ணில், பி.எச். 6-க்குக் கீழே சில உணரி பாக்டீரியா ஒளிரப் பயன்படுத்தும் பச்சை ஒளிர் புரதம் மங்கும். சரிசெய்கிறேன் என்று பாஸ்பேட் பஃபரை (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்) ஊற்றினால் காரீயமும் காட்மியமும் கரையாமல் அடியில் படிந்துவிடும் (இந்தத் தவறுதான் அதிகம்). பாஸ்பேட் இல்லாத மாப்ஸ் (MOPS) பஃபர் போதும். ஒளி தருவது லூசிஃபெரேஸ் என்ற நொதியாக இருந்து, அது விப்ரியோ ஃபிஷரி என்ற கடல் பாக்டீரியாவின் வகையாக இருந்தால் 30 டிகிரிக்கு மேல் தளரும்; மே மாதத்தில் ஏ.சி. இல்லாத அறை ஆகாது.

2 மி.மீ. சல்லடையில் சலித்த ஈரமண் 5 கிராமை 25 மி.லி. நீரில் கலக்குங்கள். அதிலேயே பி.எச்.சும் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனும் பாருங்கள். பிறகு அந்தக் கலவையை மூன்று குப்பியில் எடுங்கள்: முதலாவதில் உலோகம் பட்டால் ஒளிரும் உணரி பாக்டீரியா, இரண்டாவதில் அதோடு தெரிந்த அளவு உலோகம், மூன்றாவதில் எப்போதும் ஒளிரும் பாக்டீரியா. அதே பாக்டீரியா சுத்தநீரில் தரும் ஒளியைவிட மூன்றாவது மங்கினால் செல் வாடுகிறது, அல்லது களிமண் கலங்கல் ஒளியை மறைக்கிறது. மூன்றாவது சரியாக இருந்து இரண்டாவது ஏறாவிட்டால் மண் உலோகத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. இந்த இரண்டு நிலையிலும் முதல் குப்பியின் எண்ணை நம்ப வேண்டாம்.

அமிலத்தில் கரைத்துப் பார்க்கும் ஆய்வு மொத்த உலோகத்தைச் சொல்லும். பாக்டீரியா, உயிருக்கு எட்டும் பங்கை மட்டும் சொல்லும். இரண்டும் பொருந்தாதது பிழையல்ல, இரண்டையும் தாருங்கள்.

பாக்டீரியாவை வயலிலோ ஏரிக்கரையிலோ தூவிப் பார்க்கும் எண்ணம் வேண்டாம். மரபணு மாற்றிய உயிரிகளுக்கான 1989 விதிகளின்படி அதற்கு முன் அனுமதி கட்டாயம். மண்தான் ஆய்வகத்துக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
மண் நுண்ணுயிரியல் துறையினர் சிலர், சென்னை