எல்லா வைட்டமினும் சிறுநீரில் போய்விடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழின் உடல்நலப் பக்கத்தில் சத்து மாத்திரைகளைப் பற்றிய கட்டுரை வந்தது. 'வைட்டமின் மாத்திரையால் கெடுதல் கிடையாது, உடலுக்கு வேண்டாதது சிறுநீரில் போய்விடும்' என்று அதில் ஒரு வரி. தங்கள் இதழில் அச்சான வரியை வாசகர்கள் நம்புகிறார்கள். கத்தரித்து எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்கே வருகிறார்கள். அப்படி வருபவரிடம் 'அது தவறு' என்று மருந்தாளுநர் சொன்னால், 'பேப்பரிலேயே போட்டிருக்கிறதே' என்பதுதான் பதில். அதனால்தான் எழுதுகிறேன்.

பி வகை வைட்டமின்களும் சி-யும் நீரில் கரைபவை. அந்த வரி அவற்றுக்கே பாதிதான் பொருந்தும். ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. அவற்றில் ஏ பெரும்பாலும் கல்லீரலிலும், டி உடல் கொழுப்பிலும் தங்கிவிடும். இதைத் தாங்கள் அறியாதவரல்லர். குழந்தைகளுக்கு அரசு தரும் வைட்டமின் ஏ திரவத்தைப் பற்றித் தங்கள் இதழே பலமுறை செய்தி போட்டிருக்கிறது. 9 மாதத்தில் 1 லட்சம் யூனிட், பிறகு 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட். வேண்டாதது சிறுநீரில் போய்விடுமானால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பதால் என்ன பயன்? கல்லீரல் சேர்த்து வைப்பதால்தான் அந்தத் திட்டம் குழந்தைகளின் கண்ணைக் காக்கிறது. அதே சேமிப்புதான் அளவு மீறும்போது தலைவலி, வாந்தி, கல்லீரல் பாதிப்பு என்று திரும்புகிறது. கர்ப்பிணிகள் ரெட்டினால் வகை (ஈரலிலும் பல மாத்திரைகளிலும் இருக்கும் நேரடி வடிவ) வைட்டமின் ஏ-யை நாளுக்கு 10,000 யூனிட்டுக்கு மேல் எடுத்தால் கருவுக்கே குறை ஏற்படலாம். மல்டிவைட்டமினில் ஏ இருக்கும், மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையிலும் இருக்கும். இரண்டையும் சேர்த்து எண்ணுபவர் குறைவு.

இதைவிட அதிகம் நடப்பது வைட்டமின் டி குழப்பம். குறைவு உள்ளவருக்கு மருத்துவர் எழுதுவது 60,000 யூனிட் சாஷே (பொடிப் பொட்டலம்) அல்லது கேப்ஸ்யூல் வாரத்துக்கு ஒன்று, பெரும்பாலும் 8 வாரம், அதன்பின் மருத்துவர் சொன்னால் மாதத்துக்கு ஒன்று. ஒருவரின் ஒரு நாள் தேவை 600 யூனிட். ஆக ஒரு சாஷே என்பது 100 நாள் தேவை. சீட்டில் 'வாரம் 1' என்று இருப்பது கண்ணில் படாமல், மற்ற மாத்திரைகளோடு சேர்த்துத் தினமும் ஒன்றாகப் போட்டுக்கொள்வதுதான் வழக்கமான விபத்து. எட்டு வாரம் முடிந்த பிறகும் பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருப்பது இன்னொன்று. இப்படி அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறும். தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், வாந்தி, மனக் குழப்பம் வரும். வயதானவர்களென்றால் 'வயசாகிவிட்டது' என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். அதற்குள் சிறுநீரகம் கெடத் தொடங்கியிருக்கும். இரத்த அழுத்தத்துக்குக் குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற நீர் மாத்திரை சாப்பிடுபவருக்கு கால்சியம் இன்னும் சீக்கிரம் ஏறும். மாத்திரையை நிறுத்தினாலும் கொழுப்பில் சேர்ந்திருப்பது இறங்க வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருப்பவருக்கு இந்த மருந்து கட்டாயம் வேண்டும், எலும்பு வலி தீரும், எலும்பும் உறுதிப்படும். 150-ஐத் தாண்டியவருக்கு அதுவே விஷம். இரண்டு பேருக்கும் சேர்த்து 'கெடுதல் கிடையாது' என்று எப்படி எழுத முடிந்தது?

இது முதல் தடவையாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். கொரோனாக் காலத்தில் 'எதிர்ப்புச் சக்திக்கு' என்று தங்கள் இதழில் ஒரு பட்டியல் வந்தது. அதில் ஜிங்க் (துத்தநாகச் சத்து) 50 மி.கி. தினமும் என்று இருந்தது. எத்தனை நாளைக்கு என்று இல்லை. அந்தப் பட்டியலை இன்றைக்கும் விடாமல் பின்பற்றுபவர்கள் இருக்கிறார்கள். ஜிங்க்கின் மேல் வரம்பு நாளுக்கு 40 மி.கி. மாதக்கணக்கில் அதைத் தாண்டினால் குடல் செம்புச் சத்தை உறிஞ்சாமல் தடுக்கும். செம்பு குறைந்தால் இரத்தசோகை வரும், கால் மரத்துப்போகும், அந்தச் சோகை இரும்பு மாத்திரைக்கு மசியாது. ஜிங்க் உண்மையிலேயே உயிர் காக்கும் இடம் வேறு. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசலோடு 20 மி.கி. ஜிங்க் 14 நாள், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 10 மி.கி. பேதி நின்றாலும் 14 நாளையும் முடிக்க வேண்டும். பல தாய்மார்கள் மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுக்காக ஒரு பெட்டிச் செய்தி போட்டிருக்கலாமே?

முடி உதிர்வுக் கட்டுரையும் நினைவிருக்கிறது. பி வகை வைட்டமினான பயோட்டின் 10 மி.கி. என்று சர்வசாதாரணமாக எழுதியிருந்தார்கள். 10 மி.கி. என்பது 10,000 மைக்ரோகிராம். நாள் தேவையோ 30 முதல் 40 மைக்ரோகிராம்தான். நேரடிக் கெடுதல் குறைவு என்பது சரியே. ஆனால் பல ஆய்வகங்களில் தைராய்டு பரிசோதனை முறையே பயோட்டினை வைத்துத்தான் இயங்குகிறது. இரத்தத்தில் அது மிதந்தால் தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும், தைராய்டு சுரக்கும் டி4 பொய்யாகக் கூடியும், தைராய்டு அதிகம் வேலை செய்வதுபோலக் காட்டும். இல்லாத நோய்க்கு மருந்து தொடங்கிவிடுவார்கள். மாரடைப்பைக் காட்டும் டிரோபோனின் அளவும் பொய்யாகக் குறைந்து தெரியலாம். அப்படி ஓர் உயிரிழப்பு நேர்ந்ததைச் சொல்லி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்திவிட்டு, இரத்தம் கொடுக்கும்போது ஆய்வகத்திலும் சொல்ல வேண்டும். இந்த இரண்டு வரிக்குக் கட்டுரையில் இடம் இல்லாமல் போனது.

எல்லாவற்றிலும் என்னை நோகடித்தது இரும்புச் சத்து மாத்திரை 'சூடு' என்று வந்த வீட்டுக் குறிப்பு. கிராம சுகாதார செவிலியர் வீடு வீடாகப் போய்க் கொடுக்கும் சிவப்பு மாத்திரையைப் பற்றிய பேச்சு அது. கர்ப்ப காலத்தில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட அந்த மாத்திரை 180 நாள், குழந்தை பிறந்த பின் இன்னொரு 180 நாள். மலம் கறுப்பது உறிஞ்சப்படாத இரும்பால், பயப்பட வேண்டியதில்லை. குமட்டினால் நிறுத்த வேண்டாம், இரவு சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து எலுமிச்சைச் சாற்றோடு எடுக்கலாம். அப்போதும் குமட்டினால் சாப்பிட்டதும் எடுக்கலாம், உறிஞ்சுவது கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். டீ, காப்பி, பால் ஆகாது. கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடவே கூடாது, ஒன்று காலையில் என்றால் மற்றது இரவில். தைராய்டு குறைவுக்குத் தைராக்சின் மாத்திரை சாப்பிடுபவர் இரும்பு, கால்சியம் இரண்டிலிருந்தும் 4 மணி நேரம் தள்ளியிருக்க வேண்டும். டப்பா குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். சிறு குழந்தை மிட்டாய் என்று நினைத்து ஒரு கைப்பிடி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. இதையெல்லாம் எழுதியிருக்க வேண்டிய பக்கத்தில் 'சூடு' என்று எழுதினார்கள். அதைப் படித்து மாத்திரையை நிறுத்தியவர்கள் உண்டு.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல ஆண்டு சாப்பிடுபவருக்கு பி12 குறையும். பரிசோதித்துக் கொடுத்தால் கால் எரிச்சல் குறையும், மாத்திரையின் பெருமை அதுதான். ஆனால் பி12 குறைவு இருக்கும்போது ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் இரத்தசோகை மறைந்து நரம்புச் சேதம் உள்ளே தொடரும். சிறுநீரில் போவதாகச் சொன்ன பி6-ஐ அதிக அளவில் மாதக்கணக்கில் எடுத்தால் அதுவே கை கால் மரப்பைக் கொண்டுவரும். மரப்புக்கென்று வாங்கிய மாத்திரையே மரப்பை வளர்ப்பது நோயாளிக்கு எப்படித் தெரியும்?

கட்டுரைக்குப் பக்கத்திலேயே அரைப் பக்கத்துக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை விளம்பரம். அந்த வகைச் சத்துகளில் ஒன்றான, உடலில் வைட்டமின் ஏ-யாக மாறும் பீட்டா கரோட்டினைப் பற்றி 1994-இல் ஃபின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. நாளுக்கு 20 மி.கி. எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது. விளம்பரத்தில் புகைபிடிப்பவர்களுக்கு ஒரு சொல் எச்சரிக்கை இல்லை. கண்ணைச் சுருக்கிப் படிக்கும் அளவுக்குச் சிறிய எழுத்தில் 14 இலக்க உணவு உரிம எண் மட்டும் இருந்தது. அந்த எண் இருந்தால் அது உணவு, மருந்து அல்ல. 'மருத்துவப் பயன்பாட்டிற்கு அல்ல' என்று டப்பாவில் அச்சிட வேண்டிய பொருளை, மூட்டு வலியைக் குணப்படுத்தும் என்று இப்படி விளம்பரப்படுத்துவதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. விளம்பரத் துறை தனி, ஆசிரியர் குழு தனி என்பதை மதிக்கிறேன். வாசகர் கையில் கிடைப்பது ஒரே தாள்.

தங்களிடம் கேட்பது இரண்டுதான். அந்த வரிக்குத் திருத்தம் அதே உடல்நலப் பக்கத்தில், அதே எழுத்தளவில் வர வேண்டும். இனி எந்தச் சத்து மாத்திரையின் அளவை அச்சிட்டாலும் தினமும் ஒன்றா வாரம் ஒன்றா, எத்தனை நாளைக்கு, யார் எடுக்கக்கூடாது என்ற மூன்றையும் அதன் அருகிலேயே போட வேண்டும். எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் நான் தருகிறேன், ஊதியம் வேண்டாம்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
விருதுநகர்