பார்வையாளர் பதிவேடும் காப்பிக்கொட்டையும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் சேலம் பக்கத்தில் அடிக்கடி ஒரு படம் வரும். ஓர் அதிகாரி கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்பார், ஒரு சின்னப் பிள்ளை புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்து வாசித்துக்கொண்டிருக்கும், மேலே 'அரசுப் பள்ளியில் திடீர் ஆய்வு' என்று தலைப்பு இருக்கும். அந்தப் படத்தைப் பார்க்கிறபோதெல்லாம், வண்டி கிளம்பிப் போன பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தில் என்ன நடந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றும். அதையும் யாராவது எழுதட்டுமே என்று காத்திருந்து, கடைசியில் நானே எழுதுகிறேன்.

சேர்வராயன் மலையில் ஒரு தொடக்கப் பள்ளியில் 22 வருடம் வேலை பார்த்தவள் நான். கடைசி சில வருடம் தலைமையாசிரியை. இப்போது அதே பள்ளியின் மேலாண்மைக் குழுவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் என்ற கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். பள்ளியின் பெயரை எழுதவில்லை. எழுதினால் இப்போது அங்கே இருக்கிற இரண்டு டீச்சர்களுக்குத்தான் போன் போகும்.

ஆமாம், இரண்டே பேர்தான். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு அது சரியான கணக்குத்தான், ஆனால் வகுப்பு ஐந்து இருக்கிறதே. ஒரே அறையில் ஒரு மூலையில் ஒன்றாம் வகுப்பு 'ட' எழுதிக்கொண்டிருக்கும், இன்னொரு மூலையில் மூன்றாம் வகுப்பு கழித்தல் போட்டுக்கொண்டிருக்கும், நடுவில் ஒருத்தி நின்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பேச வேண்டும். இதில் ஒருவருக்குப் பயிற்சி என்று ஆணை வந்துவிட்டால், அன்றைக்கு மொத்தப் பள்ளியும் மற்றவர் தலையில். பள்ளியின் தரத்தை உயர்த்தத்தான் பயிற்சி, ஆனால் அந்த நாளில் பள்ளியில் பாடமே நடக்காது. நான் இதைக் குத்தலாகச் சொல்லவில்லை, 22 வருடம் பார்த்ததைச் சொல்கிறேன்.

பள்ளிக்கு உதவ மேலே ஆளில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மாவட்டத்துக்கு முதன்மைக் கல்வி அலுவலர், தொடக்கக் கல்விக்கென்று மாவட்டக் கல்வி அலுவலர், ஒன்றியத்துக்கு வட்டாரக் கல்வி அலுவலர் இருக்கிறார்கள். அவர்களைத் தவிர வட்டார வள மையம், அதில் பள்ளி பள்ளியாகப் போய் டீச்சர்களுக்கு வழிகாட்ட வேண்டிய ஆசிரியர் பயிற்றுநர்கள், அதற்குக் கீழே பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்த குறுவள மையம். மலை இறங்கி, 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டி, சேலத்தையும் கடந்து போனால் உத்தமசோழபுரத்தில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம். மலையில் உள்ள உண்டு உறைவிடப் பள்ளிகள் பழங்குடியினர் நலத் துறைக்குக் கீழே வருவதால் அவர்களுக்கு வேறு ஓர் அலுவலகமும் உண்டு. பள்ளியில் இரண்டு பேர், அவர்களுக்கு மேலே இத்தனை பேர். அவர்கள் வந்தால் என்ன செய்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

எங்கள் பள்ளியின் பார்வையாளர் பதிவேட்டை ஒரு மழை நாளில், பிள்ளைகள் பாதிப் பேர் வராதபோது, உட்கார்ந்து முதலிலிருந்து புரட்டிப் பார்த்தேன். 'வாசிப்புத் திறனில் கூடுதல் கவனம் தேவை.' அடுத்த வருடம் வேறு கையெழுத்தில் 'வாசிப்புத் திறனை மேம்படுத்த வேண்டும்.' அதற்கடுத்து பச்சை மையில் 'மெல்லக் கற்கும் மாணவர்கள் மீது தனிக் கவனம் செலுத்தவும்.' பத்து வருடத்துக்கு இதே மூன்று வாக்கியம்தான், மையின் நிறம் மட்டும் மாறுகிறது. எப்படி மேம்படுத்துவது என்று ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை. எங்களுக்கு வாசிப்பில் குறை இருக்கிறது என்பது தெரியாதா என்ன? தினமும் அந்தப் பிள்ளைகளோடுதானே இருக்கிறோம்.

ஒரு தடவை ஒரு பயிற்றுநர் வந்தார். பெயர் வேண்டாம், நல்ல மனுஷர். பதினொரு மணிக்கு வந்தார், கையில் போன், அதில் ஒரு செயலி. கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, பயிற்சி நூல் வந்துவிட்டதா, இன்றைக்கு வருகை எத்தனை, கற்றல் உபகரணம் சுவரில் தொங்குகிறதா என்று கேட்டுக் கேட்டு நிரப்பினார். இரண்டு பிள்ளைகளை எழுப்பி வாசிக்கச் சொன்னார். கடைசியில் அதை அனுப்ப சிக்னல் கிடைக்கவில்லை. பள்ளிக்குப் பின்னால் ஒரு பாறை இருக்கிறது, அதன்மேல் ஏறினால் ஒரு கோடு இரண்டு கோடு கிடைக்கும். அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறி, போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு பதினைந்து நிமிடம் நின்றார். ஐந்தாம் வகுப்புப் பையன்கள் ஜன்னலில் நின்று அதை வேடிக்கை பார்த்தார்கள். செய்தி போய்ச் சேர்ந்தது, அவரும் போய்விட்டார். எங்களோடு பேசிய நேரத்தைவிட அந்தப் பாறைமேல் நின்ற நேரம் அதிகம். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. மாதத்தில் எத்தனை பள்ளி பார்த்தாய் என்றுதான் அவரை மேலே கேட்கிறார்கள், எந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுத்தாய் என்று யாரும் கேட்பதில்லை.

இதற்குப் பல வருடம் முன்பு வேறொரு அம்மா பயிற்றுநராக இருந்தார். அவரைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

அவர் வந்த அன்றைக்கு நான் நான்காம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். முந்நூற்று ஐந்து எழுதச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் 3005 என்று எழுதும். வருடா வருடம் இதே தப்பு. நானும் வருடா வருடம் அடித்துத் திருத்திப் பத்துத் தடவை எழுதச் சொல்லுவேன். அவர் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து ஒரு பாடவேளை முழுக்கப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் "டீச்சர், நான் கொஞ்சம் எடுக்கட்டுமா?" என்று கேட்டார். பக்கத்து வீட்டு வாசலில் காயப்போட்டிருந்த காப்பிக்கொட்டையை ஒரு முறம் நிறைய வாங்கி வரச் சொன்னார். பத்துக் கொட்டை ஒரு பொட்டலம், பத்துப் பொட்டலம் ஒரு பை. பிள்ளைகள் பழைய நோட்டைக் கிழித்து மடித்து எண்ணி முடிக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. வகுப்பே சந்தை மாதிரி சத்தம். மூன்று பையைத் தூக்கி ஒரு பக்கம் வைத்தார், ஐந்து கொட்டையைத் தனியாக இன்னொரு பக்கம் வைத்தார். "பொட்டலம் எத்தனை இருக்கு?" "இல்ல மிஸ்." "இல்லைன்னா அந்த இடத்துல என்ன போடுவ?" ஒரு பிள்ளை யோசித்து யோசித்து, எழுந்து போய், பலகையில் 3 போட்டு, ஒரு வட்டம் போட்டு, 5 போட்டது.

மத்தியானம் சாப்பிடும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: "நீங்க முந்நூறுன்னு ஒரு தடவை சொல்லி நிறுத்தி, அப்புறம் ஐந்துன்னு சொல்றீங்க டீச்சர். காதுல விழற மாதிரியே பிள்ளை 300 போட்டுப் பக்கத்துல 5 போடுது." பன்னிரண்டு வருடமாக நான்தான் அந்தத் தப்பைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதை அவர் பதிவேட்டில் எழுதவில்லை. இரண்டு வாரம் கழித்துத் திரும்ப வந்தார், இந்தத் தடவை நான் எடுக்க, அவர் ஒன்றாம் இரண்டாம் வகுப்பைக் கவனித்துக்கொண்டார். அந்த வருடம் நான்கு தடவை வந்தார். அடுத்த வருடம் மாறுதல் வாங்கி ஒரு பள்ளிக்குப் போய்விட்டார், அதோடு சரி.

புதிதாக எதுவுமே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில், வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். இரண்டு ஆசிரியர் பள்ளியில் இதைத்தான் நாங்கள் பெயர் இல்லாமல் செய்துகொண்டிருந்தோம், அதற்கென்று புத்தகமும் அட்டையும் வந்தது பெரிய உதவி. காலை உணவு வந்த பிறகு காலையில் சோர்ந்து கிடக்கிற பிள்ளைகள் குறைந்ததையும் கண்ணால் பார்த்தேன். ஆனால் அட்டை வந்த முதல் மாதம் அதை எப்படிப் பிரித்து வைப்பது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்ட ஓர் ஆள் இல்லை. வீடியோ அனுப்பினார்கள். சிக்னல் கதையைத்தான் முன்னாலேயே சொல்லிவிட்டேனே.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு வருடத்துக்குப் பள்ளி மானியம் 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை என்றால் 25,000. கீழே ஊரில் இருக்கிற பள்ளிக்கும் அதே கணக்கு, மலையில் ஜீப் வைத்து மணலும் சுண்ணாம்பும் ஏற்றுகிற பள்ளிக்கும் அதே கணக்கு. அதுவும் 2024-25-ஆம் ஆண்டுக்கு இந்தத் திட்டத்தில் மத்திய அரசிடமிருந்து வர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாய்க்காக மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. டெல்லிக்கும் சென்னைக்கும் நடக்கிற அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. பயிற்றுநர் ஒருவர் ஒரு நாள் முழுக்கப் பள்ளியில் உட்காருவதற்கு அந்தக் கோடிகள் தேவையும் இல்லை.

நான் கேட்பது கொஞ்சம்தான். மலைப் பள்ளிக்கு வருகிறவர் காலை மணி அடிப்பதிலிருந்து சாயங்காலம் வரை இருக்கட்டும், அதில் ஒரு பாடமாவது அவரே எடுக்கட்டும், ஒரே மாதத்துக்குள் அதே பள்ளிக்குத் திரும்ப வரட்டும். பத்துப் பள்ளியை ஒரு தடவை பார்ப்பதற்குப் பதில் மூன்று பள்ளியை மூன்று தடவை பார்த்தால் குறை சொல்லாதீர்கள் என்று அவருடைய மேலதிகாரிக்கு யாராவது சொல்லுங்கள். குறுவள மையக் கூட்டத்தை நாற்காலி போட்ட அறையில் நடத்தாமல், ஒரு சனிக்கிழமை பள்ளி வைத்து, ஒரு டீச்சர் பாடம் நடத்த மற்றவர்கள் பார்க்கிற மாதிரி செய்யலாம். அப்புறம், வந்தவர் என்ன பார்த்தார் என்பதை மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அம்மா அப்பாக்களிடம் தமிழில், புரிகிற மாதிரி, பத்து நிமிடம் பேசட்டும். எங்கள் குழுத் தலைவி தோட்டத்தில் கூலி வேலை பார்க்கிறவர். செயலியில் ஏறிய தகவல் எதுவும் இதுவரை அவர் காதுக்கு வந்ததில்லை.

நவம்பரில் காப்பிப் பழம் பறிப்பு தொடங்கிவிடும். அப்புறம் பொங்கல் வரை பெரிய பிள்ளைகள் தங்கச்சி தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடுவார்கள், வருகை பாதியாகிவிடும். வருகிறவர்கள் அதற்கு முன்னால் வந்தால் ஐந்து வகுப்பையும் முழுசாகப் பார்க்கலாம். காப்பிக்கொட்டை நான் வாங்கி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமையாசிரியை,
ஏற்காடு